முகம் இருக்க வேண்டிய உயரம்

தடாலென்று பின்னால் ஏதோ விழுந்ததும் அவள் திரும்பிப் பார்த்தது வாசலைத்தான், விழுந்ததை அல்ல... வந்துவிட்டாளா? இல்லை, வாசலில் யாருமில்லை, மணி இன்னும் பத்தரைகூட ஆகவில்லை, விழுந்தது லைட் ஸ்டாண்டு, அதன் காலில் மணல் மூட்டை வைக்க மறந்தது வேறு யாருமில்லை, இருபத்திரண்டு வருஷமாகக் கேமராவும் கையுமாகத் திரிகிற அவளேதான். ஸ்டூடியோவை வாடகைக்கு விடுகிறவர் டீ டம்ளரோடு ஓடிவந்து ஸ்டாண்டைத் தூக்கி நிறுத்தினார், நல்லவேளை பல்பு பிழைத்தது என்றார், என்ன மேடம் இன்னிக்கு இப்படி மறந்துட்டீங்க, பெரிய ஆளுங்க யாராவது வராங்களா என்று சிரித்தார். பெரிய ஆள்தான், மகாராணிதான், நேரில் பார்த்து எட்டு வருஷம் ஆகிறது... இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா, என் பொண்ணு வரா என்று மட்டும் சொன்னாள். அவர் அந்த ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார், ஐம்பது பேரை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம், அத்தனை அகலம், நாலு மணி நேர வாடகை, ஒரு பெண்ணுக்கா என்று வாய் கேட்கவில்லை, புருவம் கேட்டது.

அரை மணி நேரம் போதும் என்றுதான் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். லீவுக்கு வந்திருக்கேன், வேலைக்கு ஒரு போட்டோ வேணும், புதன்கிழமை உன் ஊர் வழியாத்தான் போறேன், பதினொன்றுக்கு வரவா, ஒன்றரைக்கு பஸ். அவ்வளவுதான் செய்தி, அதை எத்தனை தடவை படித்தாயிற்று, படிக்கப் படிக்க நீளுமா என்ன? தெருவுக்கு நாலு போட்டோ கடை இருக்கிறது, பத்து நிமிஷத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள், பின்னே எதற்கு என்னிடம்... அம்மா போட்டோகிராபராச்சே, வேலை சுத்தமாக இருக்கும் என்றா, அல்லது பார்க்க வேண்டுமென்று இருந்து, அதைச் சொல்ல ஒரு சாக்கு வேண்டியிருந்ததா? நானும் அவள் அப்பாவும் பிரிந்த அன்றைக்குப் பதினோரு வயதில் எவ்வளவு தெளிவாகப் பேசினாள், அழவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை, நீ எல்லார் வீட்டுப் பிள்ளைங்களையும் சிரிக்க வைக்கப் போயிடுவே, நான் அப்பாகூடவே இருக்கேன், என்று சட்டை மடிக்கிற மாதிரி மடித்து வைத்துவிட்டாள். அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை, அவளும் போனாள். மூன்று தடவை டிக்கெட் போட்டு, மூன்று தடவையும் யாருடைய கல்யாணமோ குறுக்கே வந்து... கல்யாணம் வந்ததா, நான் ஒத்துக்கொண்டேனா?

ஆனால் முகம் தெரியும், முகம் அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பார்த்த முகம், பல்லுக்குக் கம்பி வந்தது, போனது, கண்ணாடி வந்தது, நெற்றியில் முடி வெட்டிக்கொண்டாள், அப்புறம் வளர்த்தாள், வலது புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த வெட்டு மட்டும் அப்படியே. வெளிச்சம் இடது பக்கமிருந்து வந்தால் அந்த வெட்டு மறையும். மறைக்கவா? வேண்டாம், அது இருக்கட்டும், அந்தக் காயத்துக்கு மருந்து போட்டது நான்தானே... ஆள் வருவதற்கு முன் வெளிச்சத்தைச் சரிபார்க்க அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஆளுக்குப் பதில் ஒரு ஸ்டாண்டு, முகத்துக்குப் பதில் அதில் ஒட்டிய காகிதத் தட்டு, ஃபோகஸ் பிடிக்கப் பேனாவால் இரண்டு கண். இன்றைக்கு ஏனோ கண்ணோடு நிற்கவில்லை, மூக்கு வரைந்தாள், புருவம் வரைந்தாள், வலது புருவத்தில் ஒரு சின்ன வெட்டும் விட்டாள். தரையில் டேப் ஒட்டி ஸ்டாண்டை அதன்மேல் நிறுத்தினாள், திருகைத் தளர்த்தித் தட்டை ஏற்றிக்கொண்டே வந்த கை, அவள் நெஞ்சுக்கு நேராக வந்ததும் தானாக நின்றது, அங்கேதான், அந்தத் தலை ஓடிவந்து முட்டுகிற இடம் அதுதான், கொஞ்சம்கூடத் தப்பில்லை. திருகை இறுக்கினாள். லைட்டை இறக்கினாள், கேமராவை இறக்கினாள், தட்டின்மேல் வெளிச்சம் பால் மாதிரி விழுந்தது, எட்டு வருஷத்தில் இவ்வளவு அழகாக ஒரு லைட் வைத்ததில்லை. ஸ்டூடியோக்காரர் தட்டைப் பார்த்தார், பாப்பாவுக்கு ஸ்டூல் போடவா மேடம், சின்னப் பிள்ளைங்க ரொம்ப நேரம் நின்னா நெளியும் என்றார். வேண்டாம், என் பொண்ணு நல்லா நிப்பா, என்று சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது. அவர் கொண்டுவந்த ஸ்டூலைச் சுவரோரமாகத் தள்ளினாள்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது. தெரிந்த முகம்தான், தெரியாத உயரத்தில் இருந்தது. கட்டிப்பிடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அந்தப் பெண் நேராக நடந்துவந்து, எங்கே நிக்கணும் என்று கேட்டு, டேப்மேல் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். தட்டு அவள் மார்புவரைதான் வந்தது. அத்தனை வெளிச்சமும் சட்டைப் பித்தானில் விழுந்து, முகம் இருட்டில்... ஸ்டூடியோக்காரர் தட்டைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், காலி டம்ளரைக் கழுவ வேண்டுமென்று நினைவு வந்தவர் போல வெளியே போய்விட்டார். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், ஏத்திடுறேன், என்று இவள் லைட்டின் திருகோடு மல்லுக்கட்டினாள், வியர்த்த கையில் அது வழுக்கியது, போனில் முகம்தானே வரும், கால் எங்கே தெரியும்... தெரியாதுதான், கேட்டிருக்கலாமே, எவ்வளவு வளர்ந்துட்டே என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றிலாவது கேட்டிருக்கலாமே, இன்னும் என்னென்ன கேட்காமல் விட்டேன்? நிமிர்ந்தபோது மகள் குனிந்து அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெகுநேரமாகப் பார்த்த மாதிரி இருந்தது, அவள் விரல் தன் வலது புருவத்தில் இருந்தது. பிறகு தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தாள், சுவரோரம் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்து டேப்மேல் போட்டாள்.

"நீ எதையும் மாத்த வேண்டாம்மா. நான் உட்காந்துக்கிறேன்."