விட்டுக்கொடுத்த புத்தகங்கள்

அந்த நூலகத்தில் அவளுக்குக் கறார் என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கறார். துணைவேந்தரே ஆனாலும் கெடு தாண்டிப் புத்தகத்தை வைத்திருந்தால் ஆள் அனுப்பிவிடுவாள். புத்தகப் பதிவில் ஒரு விவரம் விட்டுப்போனால், எழுதியவருக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்காது. இப்பேர்ப்பட்டவள் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கூட்ட அறைக்குள் நுழையும்போது மட்டும் பூனைக்குட்டியாகிவிடுவாள். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் அவளுடைய சம்பந்தி உட்கார்ந்திருப்பார்.

விஷயம் இதுதான். சுற்றுவட்டாரப் பல்கலைக்கழக நூலகங்கள் எல்லாவற்றையும் ஒரே இணையதளத்தில் சேர்ப்பது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. ஆராய்ச்சி செய்கிறவர் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு சொல்லைத் தட்டினால் போதும், எந்த நூலகத்தில் எந்தப் புத்தகம், எந்த ஆய்வேடு, எந்த இதழ் இருக்கிறது என்று ஒரே திரையில் வந்துவிட வேண்டும். சின்ன நூலகங்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டின. பெரியவை இரண்டு. ஒன்றுக்குக் கறார் தலைமை, இன்னொன்றுக்குச் சம்பந்தி. இவளுடைய ஒரே பெண்ணை அவருடைய மகனுக்குக் கொடுத்து நாலு வருஷமாகிறது.

ஒரே புத்தகம் இரண்டு இடத்திலும் இருந்தால் திரையில் இரண்டு முறை வரக்கூடாது. ஒரு நூலகத்தின் பதிவைக் காட்டி, இன்னின்ன இடத்தில் கிடைக்கும் என்று அதன் கீழே போட வேண்டும். யாருடைய பதிவைக் காட்டுவது? தளத்தைக் கட்டிக்கொண்டிருந்த மென்பொருள்காரி அதற்கென்றே ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தாள். இரண்டு பதிவும் அருகருகே தெரியும். நம்முடையதுதான் நிற்க வேண்டும் என்றால் ‘காட்டு’ என்பதை அழுத்த வேண்டும், மற்றவருடையது நிற்கட்டும் என்றால் ‘விட்டுக்கொடு’. பொறுமை இல்லாதவர்கள் துறை துறையாக மொத்தமாகவும் அழுத்தலாம். இரண்டு பேரும் ‘காட்டு’ என்று நின்றால் விவகாரம் தன்னிடம் வரும், தான் பஞ்சாயத்துப் பண்ணிக்கொள்வதாக மென்பொருள்காரி சொன்னாள். நாலைந்து இடங்களில் இதே வேலையைச் செய்து, இதே சண்டையைப் பார்த்துத் தேறியவள் அவள்.

சம்பந்தியின் பதிவுகளைத் திரையில் பார்த்ததும் கறாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அரைகுறை. மொழிபெயர்த்தவர் பெயர் கிடையாது. உள்ளே வரைபடம் உண்டா இல்லையா என்ற குறிப்பு கிடையாது. எங்கே வைப்பது என்று யோசிக்கச் சோம்பல்பட்டதையெல்லாம் ‘பொது’ என்று தள்ளிவிட்டிருந்தார் மனுஷர். மண் அரிப்பும் பொது, மனநோயும் பொது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள்.

ஆனால் பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே. இங்கே ஒரு வார்த்தை கூடப்போனால் அங்கே சாப்பாட்டு மேசையில் பெண்ணின் முகம் வாடும். பெண்ணோ வாயைத் திறந்து எதையும் சொல்கிற ரகமில்லை. எப்போது ஃபோன் செய்தாலும் “நல்லா இருக்கேன்மா” என்பாள், அவ்வளவுதான். எந்தத் தாய் அந்தப் பதிலை முழுசாக நம்புவாள்? கூட்டத்துக்குப் போகிற நாளில் நாக்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகும்படி கறாரின் கணவர் வேறு சொல்லி அனுப்புவார்.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சட்டத் துறைக்கு ‘விட்டுக்கொடு’ அழுத்தினாள். ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்து வேளாண்மைக்கு அழுத்தினாள். வரலாறு அவளுடைய செல்லம். அதற்கு அழுத்தும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. கூட்டங்களில் சம்பந்தி எதைச் சொன்னாலும், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பாள். அவரோ, ஐயோ, சம்பந்தியம்மா முடிவு பண்ணினால் போதாதா என்பார். ஒரு கூட்டம் முழுக்க, திரையின் மேல்பக்கம் நீலமா பச்சையா என்பதை இருவரும் மாற்றி மாற்றி மற்றவர் தலையில் கட்டினார்கள். சின்ன நூலகக்காரர்கள் தேநீரைக் குடித்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் மென்பொருள்காரி தன் இஷ்டத்துக்குச் சாம்பல் நிறம் போட்டாள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் வெள்ளோட்டம் விட்டார்கள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் கறாரின் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் முதலில் என்ன தேடுவார்களோ அதையே அவரும் தேடினார், அதாவது தன்னுடைய புத்தகத்தை. ஆற்று வழி வணிகம் பற்றி அவர் எழுதிய தடிமனான புத்தகம் அது. இரண்டு பெரிய நூலகங்களிலும் அலமாரியில் கம்பீரமாக நிற்கிறது. திரை ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்றது. பேராசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார். பிறகு, தான் அந்தப் புத்தகத்தை எழுதியதாகக் கனவு கண்டுவிட்டேனோ என்று கறாரிடம் மிக மரியாதையாகக் கேட்டார். கறார் உடனே மென்பொருள்காரிக்கு ஆள் அனுப்பினாள்.

மென்பொருள்காரி உள்ளே புகுந்து பார்த்தாள். அந்தப் புத்தகம் மட்டுமில்லை. இரண்டு நூலகங்களிலும் உள்ள சட்டம், வேளாண்மை, வரலாறு எல்லாமே கூண்டோடு காணோம். ஒரே ஒரு நூலகத்தில் இருந்தவை பத்திரமாக இருந்தன, இரண்டிலும் இருந்தவைதான் எங்கும் இல்லை. சம்பந்தியையும் வரவழைத்து, இருவர் அழுத்தியதையும் திரையில் எடுத்துப் போட்டாள். இந்தப் பக்கம் வரிசையாக விட்டுக்கொடு, அந்தப் பக்கமும் வரிசையாக விட்டுக்கொடு.

“ரெண்டு பேரும் காட்டுன்னா என்ன செய்யணும்னு எழுதி வெச்சிருக்கேன்,” என்றாள். “ரெண்டு பேருமே விட்டுக்கொடுத்தா என்ன செய்யணும்னு நான் எழுதவே இல்லைங்க. போன இடத்துல எல்லாம் அடிதடிதான். இப்படி ஒரு மரியாதைய நான் பார்த்ததே இல்ல.”

எது நல்ல பதிவு என்பதை இயந்திரம் முடிவு பண்ணாது, நீங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி, ஒரு சின்ன அறையில் இரண்டு நாற்காலியைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் வந்தது பேராசிரியையின் புத்தகம். சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பந்தியம்மாவுடையதே இருக்கட்டும் என்றார். சேச்சே, உங்களுடையதே இருக்கட்டும் என்று சொல்லத்தான் கறார் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவருடைய பதிவில் துறை என்ற இடம் கண்ணில் பட்டது. பொது. நானூறு வருஷத்து ஆற்று வணிகம், பொது. இத்தனை நாளாக மென்று விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டது.

“சம்பந்தி, தப்பா நினைச்சாலும் பரவாயில்ல. உங்க பதிவுங்க சுத்தமா சரியில்ல. யாராவது இதைப் போய் பொதுன்னு போடுவாங்களா?”

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போச்சு, பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டேன் என்று நினைத்தாள். இன்று இரவு அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், நாளைக்கும் அவள் “நல்லா இருக்கேன்மா” என்றுதான் சொல்வாள் என்று நினைத்தபோது கண்ணே கலங்கியது.

“அப்பாடா,” என்றார் சம்பந்தி. “உங்க பொண்ணுக்கு இந்த வாய் எங்கேருந்து வந்துச்சுன்னு நாலு வருஷமா யோசிச்சிட்டிருந்தேன்.”

கறாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளா, அவள் என்ன பேசினாள் என்று பதறிப்போய்க் கேட்டாள்.

“என்ன பேசலைன்னு கேளுங்க. டிவி சத்தம் ஜாஸ்தி, மாத்திரை போட்டுக்கல, சட்டை கலர் சகிக்கலன்னு ஒரு நாள் விடமாட்டா. நானும் சும்மா விடறதில்ல. எங்க வீட்டுல யாரும் என்னை எதிர்த்துப் பேசினதில்லைங்க, நான் பாட்டுக்குத் தனியா உட்கார்ந்திருப்பேன். அவ வந்தப்புறம்தான் வீட்டுல பேச்சு சத்தமே கேக்குது. அவ ஒருத்தி முகம் வாடிடக் கூடாதேன்னுதான் உங்ககிட்ட நான் வாயே திறக்கல. உங்க பதிவப் பார்த்து எத்தனை நாள் தலைல அடிச்சிக்கிட்டிருக்கேன் தெரியுமா?”

அதைக் கேட்டு அவளுக்கு உள்ளே எதுவோ இளகி இறங்கியது. மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் ஒரே பெண்ணைத்தான் பொத்திப் பொத்திக் காத்திருக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பதிவில் அப்படி என்ன குறை என்று கேட்டாள்.

குறையா? பதிவா அது, புத்தகத்தையே உள்ளே எழுதி வைத்திருக்கிறீர்கள், படிக்கிறவன் அதைப் படித்து முடிப்பதற்குள் நூலகத்தைச் சாத்திவிடுவார்கள் என்றார் அவர். விவரம் வேண்டாமென்றால் நூலகர் எதற்கு என்று அவள் குரலை உயர்த்தினாள். அவரும் உயர்த்தினார். மென்பொருள்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இப்போதுதான் பழகின இடத்துக்கு வந்தாற்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்கச் சண்டை போட்டார்கள். துறையும் மொழிபெயர்ப்பாளரும் அவளுடைய பதிவிலிருந்து வந்தன. அளவான குறிப்பு அவருடையதிலிருந்து வந்தது. வேளாண்மையில் அவரே நிறைய ஜெயித்தார், அவள் அதைக் கஷ்டப்பட்டு ஒப்புக்கொண்டாள். தளம் சொன்ன தேதியில் திறந்தது. பேராசிரியை தன் புத்தகத்தைத் தேடி எடுத்து, இரண்டு இடத்திலும் கிடைக்கும் என்பதை உரக்கப் படித்தார்.

அன்று சாயங்காலம் பெண் ஃபோன் செய்தாள்.

“அம்மா, மாமா வீட்டுக்கு வந்ததுலேருந்து உன்னத்தான் திட்டிட்டிருக்கார். அவர் வாழ்க்கைல உன்ன மாதிரி ஒரு பிடிவாதக்காரிய பார்த்ததே இல்லையாம்.”

“நீ என்ன சொன்ன?”

“என்ன விட்டா வேற யாரும் எங்கம்மாவ திட்டக் கூடாதுன்னு சொன்னேன். சரி சரின்னாரு. ஞாயித்துக்கிழமை உங்க ரெண்டு பேரையும் இங்க சாப்பிட வரச் சொன்னாரு. சண்டை இன்னும் பாக்கி இருக்காம்.”

பின்னாலிருந்து சம்பந்தி ஏதோ குரல் கொடுப்பதும், பெண் அவரைச் சும்மா இருக்கும்படி அதட்டுவதும், அவர் சிரிப்பதும் கேட்டது. கறார் ஃபோனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தவளுக்கு, அதைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.