துரைக்கு மருந்து கொடுத்த வகையில்

இதனால் வீட்டார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், துரை அவர்களின் திருவாயிலிருந்து நேற்று முற்பகல் பதினொரு பற்கள் வெற்றிகரமாக அகற்றப்பட்டன; அன்னார் பூரண குணமடையும் வரை நாற்காலி இழுத்தல், மிக்சி ஓட்டுதல், உரக்கத் தும்முதல் ஆகியவை தடை செய்யப்படுகின்றன. கீழே கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே, துணை இயக்குநர், ஓய்வு.

துரை ஒரு பூனை. வீட்டார் அனைவரும் என்றது ஒரே ஒரு மனைவியை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அந்தச் சுற்றறிக்கையை அவள் நின்று படித்தாள்.

"தும்மல் வந்தா மனு எழுதிக் குடுக்கணுமா?"

துணை இயக்குநர் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிறவர் அல்ல. முப்பத்திரண்டு வருடம், அவர் உள்ளே நுழைந்தால் ஒரு தளமே எழுந்து நின்றது. ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து அவருக்காக எழுந்து வந்தது துரை மட்டும்தான். மனைவி தெருவிலிருந்து தூக்கிவந்து பஞ்சில் பால் நனைத்து வளர்த்த பூனை. ஆனாலும் மாலை ஐந்து மணியானால் அவர் மடியில் ஏறிச் சுருண்டுவிடும். தான் எழுதிவரும் பணிக்கால நினைவுகளை அவர் உரக்கப் படிப்பார். அது கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே சபை அது. அந்த மடி காலியானால் தான் வெறும் மூக்குக்கண்ணாடி போட்ட கிழவர் என்பது அவருக்கே தெரியும்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டரம்மா பராமரிப்பு முறைகளை விளக்கியபோது அவர் அறையில் இல்லை. வெளியே, வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு டோக்கன் முறையின் குறைபாடுகளை விளக்கிக்கொண்டிருந்தார். மனைவிதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சாப்பாட்டைக் கூழா அரைச்சு வைக்கணுமாம். அதை நான் பாத்துக்கறேன். மருந்துதான் கஷ்டம். காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, வாயைத் திறந்து ஊத்தணும். நிமிஷம் பிசகக் கூடாதாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு அந்தப் பொறுப்பெல்லாம் வராதுங்க. நிர்வாகம் பண்ணின கைதான் அதுக்குச் சரி."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காலை ஏழு, மாலை ஏழு. ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்து, துரையைத் துண்டில் சுற்றி, முழங்கால்களுக்கிடையில் இடுக்கி, புண்ணான வாயைக் கட்டைவிரலால் நெம்பித் திறந்து பீய்ச்சினார். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலுக்குள்ளிருந்து அது போட்ட சத்தம் பூனைச் சத்தமாகவே இல்லை. முடிந்ததும் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த நிமிடமே மனைவி, "வாடா என் ராசா" என்று வெதுவெதுப்பான மீன் கூழோடு வந்து நிற்பாள்.

மூன்றாம் நாள், அவர் செருப்புச் சத்தத்துக்கே துரை கட்டிலடியில் புகுந்தது. ஐந்தாம் நாள் கடித்தது. பல் இருந்த இடத்தில் தையல்தான் இருந்தது. ரத்தம் வந்தது துரைக்குத்தான். அன்று மாலை நோட்டும் கையுமாக மடியைத் தட்டித் தட்டிக் காத்திருந்தார். துரை சுவரோரமாக ஒட்டிக்கொண்டே அவரைக் கடந்துபோய் மனைவியின் மடியில் ஏறியது.

"நன்றி கெட்ட ஜென்மம்!"

"நோயாளிங்க, கோவிச்சுக்காதீங்க," என்றாள் அவள், அதன் காதைச் சொறிந்தபடி. "நீங்க படிங்க, நான் கேக்கறேன்."

இரண்டு பக்கம் முடிவதற்குள் அவளிடமிருந்து குறட்டை வந்தது.

பதினோராம் நாள் மறுபரிசோதனை. பதிவேட்டை டாக்டரம்மாவின் மேசையில் வைத்து, "இருபது வேளை. ஒரு நிமிஷம் தாமதம் கிடையாது," என்றார். டாக்டரம்மா அதைத் திறக்கவில்லை. துரையின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு இடத்துல தையல் பிரிஞ்சு சீழ் வெச்சிருக்கு. யாரு இந்த வாயை நோண்டினது?"

"மருந்து குடுக்க..."

"வாயைத் தொடவே கூடாதுன்னு சொன்னேனே சார்! கூழ்ல கலந்து வெச்சா தானா நக்கிடும். அம்மாகிட்ட ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேன்."

"மறுபடி தைக்கணும்," என்று தலையை ஆட்டிக்கொண்டே அவள் மருந்து அலமாரிப் பக்கம் போனாள். துணை இயக்குநர் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"பஞ்சுல பால் குடுத்து வளர்த்தது நானு. அஞ்சு மணியானா உங்க வீரப்பிரதாபம் கேக்க ஓடிடுது. எனக்கு எப்படி இருக்கும்?"

"அதுக்காக என்னைக் கசாப்புக்காரன் ஆக்கிட்டியேடி!"

"உங்களுக்கென்ன குறை? கையெழுத்துப் போட நோட்டு கிடைச்சுதே."

"இப்பவும் சொல்றேன், கூப்பிட்டா அது என்கிட்டதான் வரும்."

"கூப்பிடுங்க, பாப்போம்."

மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று, இருவரும் மடியைத் தட்டிக்கொண்டு, "துரை, துரை" என்று கொஞ்சிக் கூப்பிட்டார்கள்.

அதற்குள் துரைக்கு மயக்க ஊசி போட்டாகிவிட்டது.