இரண்டு சக்கரங்களுக்கு நடுவே

...இன்னும் கொஞ்சம் புளி வேண்டும், மேசைக் கப்பலின் புகைபோக்கிக் கழுத்தில் பச்சை அப்படியே நிற்கிறது, இந்த ஆலங்குடாக் காற்றுக்கு எந்தப் பித்தளையும் ஒரு கிழமை தாங்காது, மாமி இதில் தேயிலைக்குத் தண்ணீர் கொதிக்கவைத்த காலத்திலும் இப்படித்தான், அப்போது இது புகைபோக்கி இல்லை, மண்ணெண்ணெய் அடுப்பின் எண்ணெய்த் தாங்கி, நான் புது மருமகள், மாமி ஒரு பார்வை பார்த்தால் போதும், ஓடிப்போய்த் தேய்ப்பேன்... இப்போது யார் பார்க்கிறார்கள், இருந்தும் தேய்க்கிறேன், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் என் மனிசனின் கூட்டாளிகள் இருவரும் வந்துவிடுவார்கள், பள்ளிவாசலில் பயான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, கில்பட் தன் மச்சானின் சின்ன லொறியோடு வருவானாம், பழைய மெத்தையும் கயிறும் கொண்டுவருவானாம், கப்பலைத் தூக்கிப்போய்த் தலவிலையில் தன் வீட்டில் வைப்பானாம். சரி என்று நேற்று போனில் சொன்னது நான்தான். வேறு என்ன சொல்வது? புருஷன் மவுத்தாகி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த பெண்ணின் வீட்டுக்கு இரண்டு ஆண்கள் வெள்ளிக்கு வெள்ளி வந்துபோனால் சனத்தின் வாய் சும்மா இருக்குமா, கட்டாரிலிருந்து என் மகன் ஃபைஸலே முந்திக்கொண்டான், உம்மா அதக் குடுத்து உடுங்க, ரூம வாடகைக்கு உடலாம், பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓட வரும் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்களாம், அவர்களுக்கு. கப்பல் போகக்கூடாது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல்லும் பழக்கம் இந்த வீட்டில் யாருக்கு இருந்தது?

புதிதாக யாராவது வந்து பார்த்தால் முதலில் சிரிப்பார்கள். மேசையை அடைத்துக்கொண்டு ஒரு போர்க்கப்பல், இருபுறமும் தண்ணீரைத் தள்ளும் பெரிய சக்கரங்கள், மூன்று புகைபோக்கிகள், கடிகாரப் பற்கள், வளைந்து வளைந்து போகும் குழாய்கள், இப்படி ஒரு கப்பல் எந்தக் கடலிலும் ஓடியதில்லை. நீராவியே கடைசிவரை உலகத்தை ஓட்டியிருந்தால் போர்க்கப்பல்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்துச் செய்கிற ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம், ஸ்டீம்பங்க் என்று அதற்கொரு பெயராம், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கும் மிஹ்லார்தான் போனில் படங்களைக் காட்டி என் மனிசனைக் கெடுத்தது. உப்பளத்தில் மெஷின் திருத்தியே காலம் போக்கிய சரீபுக்கு வேறென்ன வேண்டும், வள்ளங்களின் எஞ்ஜின் திருத்தும் கில்பட்டையும் பிடித்துக்கொண்டார், மூன்று பேருமாக ஒரு சட்டம் போட்டார்கள், கடையில் வாங்கியது எதுவும் கப்பலில் ஏறாது, நம் வீடுகளில் உழைத்து ஓய்ந்த சாமானாக இருக்க வேண்டும். இது எந்த நாட்டு நேவிக்கு என்று யாரும் கேட்டால் முகத்தை மாற்றாமல், நடக்காத சண்டைக்கு ஓடர் வந்தீக்கி, என்பார். பீரங்கிக் குழல்கள் கண்ணுக்குப் போடும் என் பித்தளைச் சுருமாக் குப்பிகள், கேட்காமலே எடுத்தது. மிஹ்லாரிடம் பழைய சாமான் என்று ஒன்றுமே இருக்கவில்லை, மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுச் சின்னப் பையனாக வள்ளத்தில் வந்து இறங்கியவன், கனகாலம் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான், பிறகு ஒருநாள் முகாமில் எரித்த அரிக்கன் லாந்தரின் திரிக்குழாயைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தான், கப்பித்தானின் கூண்டுக்கு மேலே விளக்காக நிற்பது அதுதான். வந்ததும் முதல் வேலையாகப் பீரங்கிகளை வானத்துக்குத் திருப்பி வைப்பான், கில்பட் அவற்றைத் திரும்பக் கடலுக்குத் திருப்புவான், ஒருவரோடு ஒருவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எத்தனை வெள்ளிக்கிழமை! அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனது?

நான் எங்கே இருந்தேன்... கப்பல் அறைக்கும் குசினிக்கும் நடுவே தொங்கும் பூப்போட்ட திரைக்கு அந்தப் பக்கம், குசினியில். ராத்தா கொஞ்சம் புளி, ராத்தா பிளேன்டீ, இவ்வளவுதான் எனக்கும் கப்பலுக்கும் இருந்த தொடர்பு என்று அவர்கள் நினைத்திருப்பார்கள், ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். சக்கரத்தின் பல் வழுக்கினால் சத்தத்திலேயே எனக்குத் தெரியும், எண்ணெய் காணாத சத்தம் அது, திருகாணி ஒன்று அரைச் சுற்று கூடுதலாக இறுகிய சத்தம் இது, எத்தனை வருடம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டியவள் நான், ஆலங்குடாப் பிள்ளைகளில் பாதிப் பேர் என் கையால் தைத்த வெள்ளை உடுப்பில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். சொன்னேனா? கூப்பிட்டால் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். கூப்பிடவில்லை. உம்மா எனக்குத் தந்த அந்தக் கை மெஷின் அலுமாரிக்குப் பக்கத்தில் இருக்கும், கண் மங்கித் தையலை விட்ட பிறகும் எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் வைத்திருந்தேன். தேங்காய்த் துருவலையின் பிடி, சாவி தொலைந்த பூட்டு, நின்றுபோன என் கல்யாண மணிக்கூடு, வீட்டில் எதைத்தான் விட்டுவைத்தார், எல்லாம் கப்பலில் ஏறியது. மெஷினை மட்டும் அவர் கேட்கவில்லை. கண் அதன்மேல் போகும், பிறகு திரும்பி வரும், நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

பிறகு ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை... சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். இத்தாவில் நான் இருந்த நாளெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் படலைக்கு வெளியே நின்று பக்கத்து வீட்டு ஸுஹைராவிடம் மீனைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், பாவங்கள், பிற ஆண்கள் உள்ளே வர முடியாது. தேய்க்க ஆள் இல்லாமல் கப்பல் முழுக்கப் பச்சை பிடித்தது. மனம் பொறுக்காமல் புளியை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன், தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்கத்தான் பார்த்தேன், இந்தச் சக்கரத்தைத் தள்ளினால் அந்தச் சக்கரம் அசையவில்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. செய்து முடிக்காமல் போய்விட்டாரே என்று இருந்தது. மெஷினைத் தூக்கிவந்து தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஆணியைக் கழற்றும்போது அழுதேன், உம்மாவுக்காகவா இவருக்காகவா தெரியாது, இரண்டாவது ஆணி இறுகிப்போயிருந்தது, அழுதுகொண்டே அதைக் கழற்ற முடியாது, அழுகையை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். கைபிடிச் சக்கரம், அதன் பற்கள், தண்டு, எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்தப் பெட்டிக்குள் இறக்கினால், நல்ல காலம், அராவக்கூட வேண்டியிருக்கவில்லை, ஆணித் துளைகளும் நேருக்கு நேர் வந்தன. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன், பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

லொறிச் சத்தம். ஸலாம் சொல்லிக்கொண்டு மிஹ்லார் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு கில்பட் பின்னால், றுக்கியா ராத்தா சொகமா ஈக்கிறீங்களா என்று எங்கள் பேச்சுவழக்கிலேயே கேட்கிறான், உள்ள போங்க தம்பி, தேயில ஊத்திட்டு வாறன், என்று நான் குசினிக்குள் ஓடி வந்துவிட்டேன். மெஷினைப் பார்த்தால் என்ன சொல்வார்கள், பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று நினைப்பார்களோ, அல்லது பார்க்காமலே மெத்தையில் சுற்றிக்கட்டி ஏற்றிவிடுவார்களோ... கயிறு தரையில் விழுகிறது. பிறகு அந்தச் சத்தம், கடகடவென்று, உம்மா வீட்டிலிருந்து நான் கேட்டு வளர்ந்த சத்தம், கப்பல் அறையிலிருந்து. டேய் மிஹ்லார், ரெண்டும் சுத்துதடா, இது கில்பட். இது ராத்தாட மெஷினடா, இதுவும் அவன்தான். பிறகு மிஹ்லாரின் குரல், மெதுவாக, "வெச்சிட்டாங்க."

என்ன வைத்துவிட்டார்கள்? எதையோ எதிர்பார்த்திருந்தவன் போல ஏன் சொல்கிறான்? தட்டைத் தூக்கிக்கொண்டு திரையைத் தோளால் தள்ளி உள்ளே போனேன், அவர்கள் இருக்கும்போது நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை, "என்ன தம்பி, என்னத்த வெச்சிட்டாங்க?" மிஹ்லார் கில்பட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "ராத்தா, நீங்க மாம்புரிக்குக் கலியாணத்துக்குப் போனீங்களே, அண்டைக்கு சரீப் நானா உங்கட மெஷினுக்கு அளவெடுத்தவர். துளையும் அண்டைக்கே போட்டுட்டார். பொறகு அந்த இடத்தில வேற ஒண்டையும் வைக்க விடயில்ல." ராத்தாவிடமே கேட்டால் என்ன என்று இவர்கள் அவரிடம் கேட்டார்களாம். "கேட்டாத் தந்துருவா, அதான் கேக்கல்ல, எண்டார்."

தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, கில்பட்தான் வாங்கி வைத்தான். "லொறியத் திருப்பி அனுப்புங்க தம்பி," என்றேன், என் குரல்தானா அது, "கப்பல் இஞ்சதான் ஈக்கும். வார வெள்ளி ஒங்கட பொஞ்சாதி ரிஃப்காவயும் கூட்டிட்டு வாங்க மிஹ்லார், தெருக்கதவத் தொறந்து வெச்சிட்டு நாங்க எல்லாருமா வேல செய்வம். ஃபைஸலுக்கு நான் சொல்லிக்கிறன்." கில்பட் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான், மிஹ்லார் பீரங்கிகளை ஒவ்வொன்றாக வானத்துக்குத் திருப்பினான், கில்பட் பார்த்தும் திருப்பவில்லை. நான் கைபிடியைப் பிடித்துச் சுற்றினேன், இரண்டு சக்கரமும் ஓடுகின்றன, ஓடட்டும்... கேட்டால் தந்துவிடுவாள், அதனால் கேட்கவில்லை. மெஷின் அவளிடமே இருக்கட்டும் என்றா? அல்லது அவளாகவே எழுந்து உள்ளே வரட்டும் என்றா? இந்தப் பக்கம் நான், கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று இருந்தேனே, அந்தப் பக்கம் அவரும் அப்படியேதான் இருந்தாரா, அத்தனை வெள்ளிக்கிழமையும்? நடுவில் இருந்தது இந்த ஒரு துண்டுத் திரை. அதைத் தைத்தவள் நான்தான், இதே மெஷினில்.