லாபி சோபாவில் யார் உட்காரலாம்?

1

இந்தக் கதை பிறந்த இடத்தை மறைத்துப் பயனில்லை. எங்கள் அகராதி அலுவலகத்தில் இந்த வாரம் என் தலையில் விழுந்த வார்த்தை ‘லாபி’. அர்த்தம் எழுதச் சொன்னார்கள். நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். (மேலாளர் இதைப் படித்தால்: அர்த்தமும் வருகிறது, பொறுங்கள் சார்.)

2

முதல் தொடக்கம்: “இலைப்பந்தலின் நிழலில் ஒரு கன்னிப்பெண்...”

வேண்டாம். இலை வேய்ந்த பந்தலைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்தான் இதற்கு மூலம் என்கிறார்கள். அதற்காக ஒரு பெண்ணை வரவழைத்தேன். பிறகு அது மடங்களில் துறவிகள் உலாவும் கூரை போட்ட நடையானதாம். துறவியும் கன்னிப்பெண்ணும் ஒரே பத்தியில் வந்தால் கதை என் பேச்சைக் கேட்காது.

3

இரண்டாவது தொடக்கம், நிஜமாக நடந்தது.

எங்கள் அடுக்குமாடி லாபியில் புது சோபா வந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. யாரும் உட்காரக் கூடாது என்பது குடியிருப்போர் சங்கச் செயலாளரின் சட்டம். செயலாளர் என் மனைவியின் சொந்த அண்ணன். அவளுக்கோ முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. லிஃப்ட் தனக்குத் தோன்றும்போதுதான் வரும்.

“அண்ணே, லிஃப்ட் வர்ற வரைக்கும் உக்காந்துக்கறேனே.”

“உன்னை விட்டா எல்லாரும் உக்காருவாங்க.”

“பின்ன சோபா எதுக்கு?”

“பாக்கறதுக்கு.”

(இவ்வளவு கல்நெஞ்சக்காரராகவா அவரைக் காட்டுவது என்று எனக்கே சந்தேகம். ஆனால் போன வாரம் அவரும் கால் கடுக்க நின்று, சுவரில் சாய்ந்தார். உட்காரவில்லை. என் கோபம் கொஞ்சம் இறங்கியது.)

4

மனைவி விடவில்லை. சோபாவில் உட்காரலாமா என்று சங்கக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு வைக்கச் சொன்னாள். லாபியில் லிஃப்டுக்கு நின்ற ஒவ்வொருவரையும் மடக்கிப் பேசினாள். மேல்மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரிடம் முழங்காலைக் காட்டினாள். அவர் வாயைத் திறக்கச் சொல்லாததுதான் பாக்கி.

சட்டசபை உறுப்பினர்களை மடக்க மக்கள் காத்திருந்த கூடத்துக்கும் லாபி என்றுதான் பெயர். பின்னாளில் அப்படி மடக்கிக் கேட்பதற்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. அந்த அர்த்தம் ஏதோ ஓட்டலில் பிறந்ததாகவும் சொல்வார்கள். ஆனால் அர்த்தம் அந்த ஓட்டலைவிட மூத்தது. இதையெல்லாம் மனைவியிடம் விளக்கினேன்.

“அர்த்தம் கிடக்கட்டும். உங்க ஓட்டு எனக்குத்தானே?”

5

கூட்டம் லாபியிலேயே நடந்தது. எல்லோரும் சோபாவைச் சுற்றி நின்றார்கள். கைகளை எண்ணினால் இரண்டு பக்கமும் சமம். நான் கையைத் தூக்கினேன்.

“மாப்ளே, கதை எழுதுறவருக்கு ஓட்டு கிடையாது,” என்றார் செயலாளர்.

ஒரு முடிவு: லிஃப்ட் கதவு திறந்தது, உள்ளே...

சே, ஏமாற்று வேலை.

இன்னொரு முடிவு: நானே உறையைக் கிழித்து அவளை உட்கார வைத்தேன். எழுதி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

“நீங்க எழுதி ஒண்ணும் நான் உக்கார வேண்டாம். ஜெயிச்சு உக்காந்துக்கறேன்.”

அவள் பிடிவாதம் எனக்குப் பெருமைதான். அவள் கால்தான் கவலை.

“படிக்கிறவங்களுக்கு ஓட்டு உண்டா மச்சான்?” என்று செயலாளரிடம் கேட்டேன்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். “சரி, போடட்டும்.”

ஆகவே, இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்த உங்களைத்தான் கேட்கிறேன். கையைச் சீக்கிரம் தூக்குங்கள். அவள் மூன்றாம் பகுதியிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். நீங்கள் உட்கார்ந்துதானே படித்தீர்கள்?