கண்ணாடியின் உள்பக்கம்

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியின் பிக்கப் வண்டியில் இருளம்மாளைச் சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார் டிரைவர் ராஜசிங். அவளுக்கு அது தலைப்பிரசவம். கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. முதலாளி ஊரில் இல்லை. யாரிடமும் கேட்காமல் லோடை இறக்கிப்போட்டுவிட்டு ராஜசிங் கிளம்பினார். நடுவில் இருளம்மாள், அந்தப் பக்கம் அவளைத் தாங்கிப் பிடித்தபடி புருஷன் உக்கிரபாண்டி.

சாரல் அவள்மேல் அடித்துவிடக் கூடாதென்று இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டுமுன்பே முன்கண்ணாடி வெள்ளை பூத்துவிட்டது. வெளியே வைப்பர் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நீர் பூத்தது உள்பக்கம். துண்டால் துடைத்தார், கையை எடுப்பதற்குள் மறுபடி பூத்தது. பாதை எது, கரிசல் எது என்று தெரியவில்லை. ஒரு வளைவில் இடப்பக்கச் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, சேற்றில் அச்சுவரை புதைந்தது.

உக்கிரபாண்டி இறங்கித் தள்ளினான். பருத்திக்காட்டில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் ஓடிவந்து தோள்கொடுத்தார்கள். வண்டி மேலேறுவதற்குள் இருளம்மாள் கத்துவதை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே" என்றார் நர்ஸ் ஜெயசீலி. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. சும்மா, வாய்தவறி வந்த சொல்.

அதற்குப் பிறகு உக்கிரபாண்டி ராஜசிங்கை எங்கே கண்டாலும் கையெடுத்துக் கும்பிட்டான். "நீக மட்டும் இல்லேன்னா இவளும் போயிருப்பா, அண்ணாச்சி" என்பான். ஒருநாள் முறம் நிறையப் பாசிப்பயறு கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அந்தப் பயற்றை அவரால் வாயில் வைக்க முடியவில்லை.

மூன்று பேர் மூச்சுத்தான் கண்ணாடியில் படிந்தது என்று அவர் மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார். தீபாவளி முடிந்து, வண்டி சும்மா நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகக் கதவைத் திறந்தார். ராத்திரி மழையில்லை, வண்டிக்குள் யாரும் இருக்கவுமில்லை. ஆனாலும் கண்ணாடியின் உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது.

அவர் கோயிலுக்குப் போகவில்லை. காலடியில் கிடந்த தேங்காய்நார் விரிப்பைத் தூக்கினார். அடியில் அவரே விரித்துவைத்த சாக்கு ஊறி, அழுகி, காளான் முளைத்துக் கிடந்தது.

"தண்ணி எங்கிட்டு வழியா வருதுன்னு பாக்கணும். ஒரு குடம் எடுத்துட்டு வா" என்று மனைவி பொன்னுத்தங்கத்தைக் கூப்பிட்டார்.

அவர் உள்ளே குனிந்து படுத்துக்கொள்ள, அவள் வெளியிலிருந்து ஊற்றினாள். கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரில் ஊற்றினாள். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. கதவோரம் ஊற்றினாள், அதுவும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே, உள்ளே காற்று வருவதற்கென்று ஒரு தகரமூடி உண்டு. அதன்மேல் ஊற்றியதும் இடப்பக்கத் தகரத்தில் தண்ணீர் கோடாக வழிந்து இறங்கியது. அங்கே விழும் மழைத்தண்ணீர் தரைக்குப் போக ஒரு சின்னக் குழாய் இருந்தது. அதை வேப்பிலைச் சருகும் மண்ணும் அடைத்திருந்தன. சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்தார். கறுப்பாக ஒரு உருண்டை வந்து விழுந்தது. மறுகுடம் ஊற்றியபோது தண்ணீர் வண்டிக்கு அடியில் தரையில் கொட்டியது.

சாக்கைத் தூக்கி எறிந்தார். விரிப்பை வெயிலில் போட்டார். துருவேறிய இடத்தைச் சுரண்டித் தார் பூசினார். கதவுகளை மூடி ஓர் இரவு விட்டுப் பார்த்தார். காலையில் கண்ணாடி காய்ந்திருந்தது. அவ்வளவுதான் வேலை.

"புரட்டாசிலேயே நாத்தமடிக்குன்னு சொன்னேன்" என்றாள் பொன்னுத்தங்கம்.

"சீசன் நேரம். சாக்கப் போட்டா குடிச்சிரும்னு நெனச்சேன்."

அந்த ஈரம்தான் அன்றைக்கு ஆவியாகிக் கண்ணாடியை மூடியது. ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி விட்டிருந்தால்கூடப் பாதை தெரிந்திருக்கும். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு உக்கிரபாண்டியின் கும்பிடை வாங்க அவரால் ஆகவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்கே போனார். புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"எம்மேலதான் தப்பு, தாயி. ஒரு மாசமா ஈரம் இருந்தது எனக்குத் தெரியும். பாத்துச் சரிபண்ணியிருந்தா வண்டி எறங்கியிருக்காது."

உக்கிரபாண்டி எழுந்து வெளியே போனான். இருளம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஏன் எங்கிட்ட வந்து சொல்லுதீக, அண்ணாச்சி?" என்றாள். "மழை பெஞ்சது, வண்டி பதிஞ்சது, நம்ம கொடுப்பினை அம்புட்டுத்தான்னு இப்பத்தான் ரெண்டு வாய் சோறு தின்னுதேன். இனி அதுவும் எறங்காது. சொல்லீட்டீக, உங்க பாரம் கொறஞ்சிருக்கும். போயிட்டு வாங்க."

பாரம் குறையவில்லை. வாசலைத் தாண்டும்போதே, இதைத் தன்னோடு வைத்துக்கொண்டு புழுங்கியிருக்கலாம், அதுதான் தனக்குரிய தண்டனை, அதை இந்தப் பெண்ணின் தலையில் இறக்கிவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியது. சொன்னதைத் திரும்ப அள்ள முடியாது.

அதன்பின் உக்கிரபாண்டி கும்பிடவில்லை. சண்டைக்கும் வரவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போனான்.

மறுவருஷம் இருளம்மாள் மறுபடி உண்டானாள். மழைக்காலம் தொடங்குமுன்பே ஒரு மாட்டுவண்டி பிடித்து, ஏழாம் மாசத்திலேயே அவளை மல்லாங்கிணற்றிலிருந்த தாய்வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டான் உக்கிரபாண்டி. கிணற்றடியில் கேள்விப்பட்டு வந்து பொன்னுத்தங்கம்தான் சொன்னாள்.

"அம்புட்டுத் தூரம் மாட்டுவண்டியிலயா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றார் ராஜசிங்.

பொன்னுத்தங்கம் அவருக்குச் சோறு எடுத்து வைத்தாள்.