மாமியார் சிபாரிசு

கல்யாணமாகிக் கடல் தாண்டி வந்த அந்த மருமகள், பிறந்த ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் வேலை மேசையையே ஆண்டவள். ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்ப்பாள், கோணிப்போனதை நிமிர்த்துவாள், கடுகத்தனை ஸ்க்ரூவைப் பேசிக்கொண்டே முடுக்குவாள். வந்த இடத்திலோ அவளுடைய கருவிகளெல்லாம் சமையலறை டிராயரில் கரண்டிகளோடு குடித்தனம் நடத்தின.

ஏன், வேலை கிடைக்கவில்லையா என்கிறீர்களா? கிடைத்திருக்கும். போன கடைகளிலெல்லாம், "என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். இவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஏதோ கொஞ்சம் தெரியும்," என்று சொல்லிவிட்டு வந்தாள். தன்னைத் தானே மெச்சிக்கொள்ள வாய் வரவில்லை, பாவம். கொஞ்சம் தெரிந்தவளை யார் வேலைக்கு வைப்பார்கள்?

தெருமுனைக் கடை ஒன்றுதான் பாக்கி. அந்தக் கடைக்காரம்மாவும் இவளைப் போலவே கல்யாணமாகி வந்தவர். நரைத்த தலை, நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. அவரும் அதையே கேட்டார். இவளும், "ஏதோ..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதையும் கோட்டைவிட்டால் கரண்டிகளோடுதான் காலம் தள்ள வேண்டும்.

"உன் வேலையைப் பாத்தவங்க யாராவது இங்க இருக்காங்களா?"

"எங்க மாமியார் இருக்காங்க. அவங்க கண்ணாடியை நான்தான் சரி பண்ணினேன்."

"அவங்களுக்குப் போன் போடு."

ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் கணீரென்று வந்தது. விஷயத்தைக் கேட்டதும், "அவ பக்கத்துல இருக்காளா?" என்றார்.

"ஆமா, இங்கதான் நிக்கிறா."

"ம்ம்... ஏதோ சுமாரா செய்வா. சொல்லிக்குடுத்தா கத்துப்பா."

அந்த மாமியாரை மருமகளுக்குத் தெரியாதா? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொந்தக்காரர்களிடம் அவர் பேசுவதை, பாத்திரம் தேய்த்தபடியே கேட்டிருக்கிறாளே! முகத்துக்கு நேரே மெச்சினால் மருமகளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவர் கட்சி.

"அத்தை, நான் வெளிய போறேன். நீங்க மேடம்கிட்ட பேசுங்க," என்றாள். சொன்னபடி தெருவுக்கு வந்து நின்றாள்.

கடைக்குக் கண்ணாடிக் கதவு. பேச்சு கேட்கவில்லை, கடைக்காரம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. முதலில் புருவம் ஏறியது. அப்புறம் கை நெற்றிக்குப் போய்த் தன் கண்ணாடியைத் தடவிப் பார்த்தது. கடைசியில் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

பஸ் ஒன்று வந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று. ஒருவழியாகக் கதவு திறந்தது.

"வருஷக்கணக்கா வழுக்கின கண்ணாடி, இப்போ தும்மினாக்கூட மூக்கை விட்டு நகரலையாமே! உங்க மாமனார் அது மேல உக்காந்து நசுக்கினதையும் புதுசாட்டம் ஆக்கிட்டியாமே! திங்கக்கிழமை உன் கருவியெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துடு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அத்தையா இவ்வளவும் சொன்னாங்க?"

"இன்னும் சொல்லிட்டே இருக்காங்க! உள்ள வந்து ஒரு குரல் குடும்மா. நீ இருக்கேன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்துவாங்க."