பெட்டிக்குள் நிற்கிறவன்

1.

"உங்கப்பாவுக்கு அப்படி என்னம்மா கொறச்சல்?" என்று ஒருநாள் மாடிப்படியில் வைத்து என்னைக் கேட்டார் கரண்டு மாமா.

அப்பாவின் பள்ளித் தோழர் அவர். வீடு வீடாகப் போய் வயரிங் வேலை செய்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். நேருக்கு நேர் யாராவது கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்கும் அதுதான் காரணம். ஆனால் இது அந்தக் கதை இல்லை. "தெரியல மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. வேறு பதில் தேடப் போனதில்தான் இந்தக் கதை வந்தது.

2.

"ஒரு வீட்டில் ஒரு அப்பா இருந்தார். அவர்…"

(வேண்டாம். செத்துப்போனவரைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது. அப்பா அடுத்த அறையில் தும்முகிறார்.)

"பற்களோடு பழகிய விரல்களுக்கு ஓய்வு என்பது…"

(இதையும் பாதியில் விட்டேன். இப்படி அழகாக ஆரம்பிக்கிற வாக்கியம், கடைசிவரை என்னையும் அதே மாதிரி நடந்துகொள்ளச் சொல்லும். என்னால் ஆகாது.)

நேராகவே சொல்கிறேன். அப்பா பல்செட் செய்கிறவர். பகல் முழுக்க மெழுகில் யார் யாருடைய பற்களையோ வரிசையாக நட்டுக்கொண்டிருப்பார். முகம் தெரியாதவர்களின் சிரிப்பு அவருக்கு அத்துப்படி. ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேசட்டைச் சொருகி, வயர் வைத்த ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஆடுகிற பழைய ரகம். அதற்குத் தோதாக முதுகு புடைத்த ஒரு டிவி. இரண்டும் நடு அறையில், அம்மாவின் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் குடியேறின.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு குட்டி ஆள் ஓடுவான், குதிப்பான், பள்ளத்தில் விழுவான். அவன் குதிக்கும்போதெல்லாம் அப்பாவும் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் எழும்புவார்.

3.

அத்தை வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு படிப்ப விட்டுட்டு உக்காந்திருக்கா. அப்பன் பொம்மைய ஆட்டிட்டிருக்கான். நல்லா இருக்குடா குடும்பம்." சொல்லிவிட்டுக் கிளம்பியவள் வாசலில் நின்றாள். "அது சரி, அந்தக் குட்டிப் பய எதுக்கு அந்தச் சுவத்துல போய்ப் போய் முட்டுறான்?" என்றாள். அதைக் கேட்க வந்து உட்கார்ந்தவளுக்குப் பஸ் போய்விட்டது.

பல்செட் செய்கிற லேபில் கூட வேலை செய்கிறவர்கள் அப்பாவுக்கு 'ஜாய்ஸ்டிக்' என்று பெயர் வைத்தார்கள். போனிலும் அப்படியே பதிந்து வைத்திருக்கிறார்களாம். அப்பா பெருமையாகச் சொன்னார்.

கரண்டு மாமா தலையில் அடித்துக்கொண்டார். "சின்ன வயசுல ஆடுனோம், சரி. இப்ப எதுக்குடா?"

"அப்ப எங்க முடிக்க விட்டீங்க? கடைசிக் கட்டத்துக்குப் போறப்பல்லாம் உங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டு சுவிட்ச அணைச்சிருவாங்க."

"அந்தக் கோவத்த என்கிட்ட தீத்துக்கிறியா?"

அம்மா பேச்சை வளர்க்க மாட்டாள். "இந்தப் பெட்டிய ஒருநாள் தூக்கிக் குப்பையில போடல, என் பேர மாத்திக்கிறேன்" என்பாள். தினமும் சொன்னாள். பேர் மாறவில்லை.

4.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். கதையிலிருக்கிற அம்மா மேல் எனக்குச் சந்தேகம்.

நிஜ அம்மாவும் இப்படித்தான் திட்டுவாள். ஆனால் எழுதிப் பார்த்தால் வில்லியாகிவிடுகிறாள். வீட்டில் திட்டு காதில் விழும்போதே அவள் கை என்ன செய்கிறது என்பதும் கண்ணில் படும். காகிதத்தில் திட்டு மட்டும் தனியாக நிற்கிறது.

ஆகவே இனி அம்மா பேசும்போது, தயவுசெய்து அவள் கையையும் காலையும் பாருங்கள்.*

* உதாரணம்: பெட்டியின் வயர் அறையின் குறுக்கே கிடக்கும். கை நிறைய துணியோடு வரும்போதும் அம்மா அதை மிதித்ததில்லை. "எழவு வயரு" என்று சொல்லிக்கொண்டே காலைத் தூக்கித் தாண்டிப் போவாள்.

5.

அப்பா கடைசிக் கட்டத்துக்குப் போன அன்றுதான் லேபிலிருந்து போன் வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் அவசர வேலை, போனால் இரண்டு நாள் ஆகும்.

இந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்தால் எல்லாம் போச்சு. முதலிலிருந்து வர வேண்டும். அதனால் அப்பா ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, டிவியை மட்டும் அணைத்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"படமே இல்ல. அப்புறம் என்னத்துக்கு அது எரியணும்?" என்றாள் அம்மா.

"டிவி சன்னல் மாதிரி. சன்னலச் சாத்திட்டா உள்ள இருக்கிறவன் போயிடுவானா?"

"அப்ப அவன் நின்னுட்டேவா இருப்பான்?"

"நான் வர்ற வரைக்கும்."

"பாவம், அவனுக்கும் நீங்கதான் வாய்ச்சீங்க."

அப்பா போனதும் அம்மா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். இஸ்திரிப் பெட்டியும் கேம் பெட்டியும் ஒரே சுவிட்ச் பலகையில் இருந்தன. லோடு தாங்காமல் ஃபியூஸ் போனால் அவனும் போவான். திட்டிக்கொண்டே துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், இடுக்கில் நின்று இஸ்திரி போட்டாள்.

6.

மறுநாள் அம்மா கேம் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் நெற்றியில் வைப்பாளே, அதே மாதிரி.

"கொதிக்குதுடி" என்றாள்.

நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது பெட்டியின் மேல் ஈரத்துணி. பிழிந்து, நான்காக மடித்துப் போட்டிருந்தாள். சிவப்பு விளக்கு இல்லை. காற்றுப் போகிற இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது.

அம்மா துணியை எடுத்தாள். திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

(இந்தப் பகுதியை முதலில் நீளமாக எழுதியிருந்தேன். அம்மாவின் முகம், ஜன்னல் வெளிச்சம் என்று. அடித்துவிட்டேன். துணி வருகிற வரியை மட்டும் மூன்று முறை அடித்து, மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.)

7.

அப்பா வந்தார். செருப்பைக் கழற்றாமலே பெட்டியைப் பார்த்தார்.

"சொன்னத செஞ்சிட்ட" என்றார் அம்மாவிடம்.

அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆமா, செஞ்சேன். இப்ப அதுக்கென்ன?"

திட்டுகிறவள் என்ற பெயர் அவளுக்குப் பழகிப்போனது. பெட்டிக்குக் காய்ச்சல் பார்த்தவள் என்ற பெயரோடு எப்படி வெளியே தலைகாட்டுவாள்?

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் என் வழியாக. "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுதுன்னு." "உங்கம்மாகிட்ட சொல்லு, பசியில்லன்னு." வீட்டிலேயே அதிகம் வாய் திறக்காதவளைத் தூது அனுப்பினால் செய்தி பாதிதான் போய்ச் சேரும். அப்பா நடு அறைப் பக்கமே வரவில்லை. அம்மா இஸ்திரி மேசைக்குத் திரும்பி வந்தாள். இடம் தாராளமாக இருந்தது. அந்தத் தாராளத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

8.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அம்மாவே உண்மையைச் சொல்கிறாள். (நடக்காது. எனக்கு அவளைத் தெரியும்.)

கொடியில் காயும் அந்த ஈரத்துணியைப் பார்த்து அப்பாவே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார். (ஒரு துணியைப் பார்த்து இவ்வளவு புரிகிற ஆளாக இருந்தால் அம்மாவுக்குத் திட்ட வேலையே இருந்திருக்காது.)

நான் இதையெல்லாம் எழுதி அப்பாவின் தலையணையில் வைக்கிறேன். (எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே வேண்டாம். அம்மாவின் ரகசியத்தை உடைப்பதென்றால் அவள் இருக்கும்போது, அவள் காது கேட்கத்தான் உடைக்க வேண்டும்.)

9.

நடந்தது இது.

ரிப்பேர் பார்க்க வந்த கரண்டு மாமா பெட்டியை நடு அறையில் வைத்துத் திருகாணி கழற்றினார். போர்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"டேய், உள்ள தண்ணி போயிருக்குடா. யாரு ஊத்துனது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு சட்டைக் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், ஏற்கனவே போட்ட காலர். மாமா என்னைப் பார்த்தார். 'தெரியல மாமா' நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஊத்தல" என்றேன். "சூடா இருந்துச்சுன்னு ஈரத்துணி போட்டாங்க. காய்ச்சலுக்குப் போடுவாங்கல்ல, அப்படி."

"காய்ச்சலா? பெட்டிக்கா?"

"அவனுக்கு. உள்ள நின்னுட்டிருந்தவனுக்கு."

மாமா சிரிக்கப் போய், அப்பாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அப்பா எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார். "ஏம்மா…" என்று அம்மாவைப் பார்த்து ஆரம்பித்தார். (இந்த வாக்கியத்தை நான் பாதியில் விடவில்லை. அவர்தான் விட்டார்.)

பெட்டிக்கு உயிர் வந்ததா என்று கேட்பீர்கள். நான் இதை எழுதும்போது போர்டு இன்னும் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருக்கிறது. அப்பா அந்த வாக்கியத்தை எப்படி முடித்திருப்பார் என்பதையும் உங்களிடமே விடுகிறேன். அம்மாவின் கையையும் காலையும் இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறீர்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையை மடித்தாள். எதிலும் சொருகாத அந்த வயர் தரையில் சும்மா கிடந்தது. இந்த முறை திட்டாமல், காலைத் தூக்கி அதைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள்.